ஏழையின் உடல் பாடப் புத்தகமா?

நம்மவர்களிடத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு யந்திரம் ஊருக்குள் வந்தால், அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டுத் தேங்காய் உடைப்பார்கள். இல்லையேல், "இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். அதை இன்னார் இன்ன வேலைக்குக் கையாள வேண்டும், அதனால் இன்னாருக்கு இன்ன நன்மை விளைய வேண்டும் என்று கேட்பவர் மட்டும் அரிது. வைத்தியக் கல்வியில் இப்பொழுது புகுந்துள்ள புதுச் சாதனங்களின் விஷயத்திலும் இதே கதைதான் நடந்து வருகின்றது. மூச்சு விடும் பொம்மை, கண்ணில் மாட்டிக்கொண்டால் அறுவைக் கூடமே எதிரே தோன்றும் கண்ணாடி, உடலை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஒளிமேசை, படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினி ஆகிய இவற்றைக் கண்டு ஒரு சாரார் கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள். மற்றொரு சாரார் கேலி செய்கிறார்கள். இரு சாராரும் நமக்குக் கேடே செய்கிறார்கள் என்பது நமது துணிவு.

பாக்கார் ஆராங்கில் வாழும் தமிழனுக்கும் இந்த யந்திரங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நிரம்ப உண்டு. கரி சுடுதல் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய அவ்வூர், இன்று சுங்கை பட்டாணியின் தொழிற்சாலைப் பகுதிகளுள் ஒன்று. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல சுங்கை பட்டாணியைச் சுற்றியே குடியேறின. நோயுற்றால் அவர்கள் போய் நிற்கும் இடம் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை. பீடோங்கை அடுத்த செமிலிங்கில், ம.இ.கா.வின் கல்விக் கழகமாகிய எம்.ஐ.இ.டி.யின் முயற்சியால் 2001-இல் தோன்றிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வைத்தியம் கற்பிக்கின்றது. ஆக, வைத்தியம் கற்பிக்கும் இடமும் வைத்தியத்திற்காகக் காத்து நிற்கும் வரிசையும் அருகருகேதான் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. 2020-ஆம் ஆண்டில் உலகம் வாங்கிய ரப்பர்க் கையுறைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவில் செய்யப்பட்டவை. நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துப் பால்மரம் வெட்டினார்கள். பேரப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலையில் நிற்கிறார்கள். வைத்தியனின் கையுறையைச் செய்வது நம் வேலை, அதை அணிவது பிறர் வேலை என்று எத்தனை தலைமுறைக்கு இருப்பது?

இனி விஷயத்திற்கு வருவோம். வைத்தியம் கற்கும் எவனும் முதல் நாளிலேயே கை தேர்ந்தவன் ஆகான். ஊசி தவறும், நரம்பு அகப்படாது, பிரசவத்தில் கை நடுங்கும். இது இயற்கை. அந்தத் தவறுகள் எவருடைய உடம்பின்மேல் விழுந்து வந்தன என்பதே கேள்வி. பணம் உள்ளவன் பெயர்பெற்ற வைத்தியரை விலை கொடுத்துத் தேடிக் கொள்வான். பணம் இல்லாதவன் தர்ம ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, கற்றுக் கொள்பவன் கைக்குத் தன் கையை நீட்டுவான். உலகெங்கும் ஏழையின் உடலே வைத்தியக் கல்வியின் பாடப் புத்தகமாக இருந்து வந்தது. அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் பெரிய பட்டங்கள் பெற்றார்கள். புத்தகம் கிழிந்தால் கேட்பார் இல்லை.

மலாயாவிலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நோய் பெரிபெரி. தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி மாண்டார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாயிருந்ததை நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் கவனித்து எழுதினார். அதைப் பரீட்சித்துப் பார்க்க 1905-இல் வில்லியம் பிளெட்சர் என்ற வைத்தியர் தேர்ந்தெடுத்த இடம் எது? கோலாலம்பூர்ப் பைத்தியக்கார விடுதி! அங்கிருந்தவர்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மற்றப் பாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசி தின்றவர்களில் பலர் நோயுற்றனர்; பலர் மாண்டனர். அறிவு பிறந்தது உண்மை. நம் பானையில் வெந்த அரிசிக்குப் பெருமை வந்ததும் உண்மை. ஆனால் "வேண்டாம்" என்று சொல்ல வாயற்றவர்களின் உயிரே அதற்கு விலையாயிற்று என்பதும் உண்மைதானே?

தோட்டங்களின் கதையும் நாம் அறிந்ததே. துரைக்கு நோய் வந்தால் பட்டணத்து டாக்டர். தொழிலாளிக்கு நோய் வந்தால் டிரெஸர். காய்ச்சலுக்குக் கொயினாவும், வயிற்றுக்குப் பேதி மருந்தும், புண்ணுக்கு மருந்துக் கட்டுமாகப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தவர்கள் அந்த டிரெஸர்களே. அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. ஆனால் தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டம் இந்நாட்டில் பிறந்ததே 1965-இல்தான். அதற்கு முன்னர் அவர்களில் பலர் வேலை செய்துகொண்டே வேலை கற்றார்கள். யாருடைய உடம்பில் கற்றார்கள் என்பதை லயத்தில் பிறந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இந்த அநீதியை அறுக்கும் கத்திதான் பயிற்சிப் பொம்மை. இதன் வரலாறு நேற்றுத் தொடங்கியது அன்று. பிரெஞ்சு நாட்டில் மதாம் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் கர்ப்பிணியின் உருவம் ஒன்றும் குழந்தையின் உருவம் ஒன்றும் செய்து, 1759-இல் அரசனிடம் உத்தரவு பெற்று, ஊர் ஊராகச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத நாட்டுப்புறப் பெண்களுக்கும் பிரசவம் பார்க்கக் கற்பித்தாள். 1960-இல் நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரில், விளையாட்டுப் பொம்மை செய்து விற்ற ஆஸ்முன்ட் லேர்டால் என்பவர், நின்ற மூச்சை மீட்கும் முறையைப் பழகுவதற்கென்று ஒரு பெண் பொம்மையைச் செய்தார். விளையாட்டுச் சாமான் செய்தவனின் கையால் வைத்தியக் கல்வி ஒரு படி உயர்ந்தது. இன்று பொம்மைக்கு நாடி துடிக்கிறது, கண்மணி சுருங்குகிறது, மருந்து தவறினால் அதன் இரத்த அழுத்தம் விழுகிறது. பொம்மை நூறு தடவை மாண்டாலும் அழுவதற்கு ஒரு தாய் இல்லை. தவறு அதன்மேல் விழட்டும். மனிதன்மேல் விழ வேண்டாம்.

இதற்குச் சொல்லப்படும் ஆக்ஷேபங்களைப் பார்ப்போம்.

"வைத்தியத்திற்குக் கைராசி வேண்டும், பொம்மை அதைத் தருமா?" என்கிறார்கள். கைராசி என்று நாம் கொண்டாடுவது என்ன? ஒரு காரியத்தைப் பலமுறை செய்து, தவறிய இடத்தைக் கண்டு, திருத்திப் பழகிய கையைத்தான் ராசியான கை என்கிறோம். கிரகம் பார்த்து வருவது அன்று அது. கண் வைத்தியம் கற்போர் மனிதக் கண்ணைத் தொடுமுன் ஆட்டுக் கண்ணில் பழகுவது இந்தியாவில் வழக்கம். பழக்கத்தின் பெயரே ராசி.

"பொம்மைக்கு வலி தெரியாது; பொம்மையில் கற்றவனுக்கு இரக்கம் வருமா?" என்பது அடுத்த கேள்வி. இது நேர்மையான கேள்வி. பொம்மை இரக்கம் கற்பிக்காது. ஆகையால்தான் பொம்மைக்குப் பின் நோயாளியிடம், மூத்தவர் கண்காணிப்பில், கற்பவனை அனுப்ப வேண்டும் என்கிறோம். ஆனால் கை நடுங்குபவனுக்குத் தன் நடுக்கத்தைப் பற்றியே கவலை. நோயாளியின் முகத்தைப் பார்க்க அவனுக்கு ஏது அவகாசம்? கை பழகிய பின்னரே கண் நோயாளியின் முகத்திற்குப் போகும்.

"இவ்வளவு விலைக்கு வாங்க ஏழை நாட்டால் ஆகுமா?" என்பது மூன்றாவது. ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நம்மினும் ஏழை நாடு. பிறந்தவுடன் மூச்சு விடாத சிசுவை ஒரு நிமிஷத்திற்குள் மூச்சு விடச் செய்யும் முறையை, தண்ணீர் நிரப்பிக் கனம் ஏற்றும் ஓர் எளிய பொம்மையைக் கொண்டு அந்நாட்டின் 8 மருத்துவமனைகளில் தாதிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் கற்பித்தார்கள். பிறந்த 24 மணி நேரத்திற்குள் மாளும் சிசுக்களின் விகிதம் 47 விழுக்காடு குறைந்தது என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வித்தை விலையில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

ஏளனம் செய்வோர்க்கு இது போதும். பூஜை போடுவோர்க்கும் தான்சானியாவே பதில் சொல்கிறது. அந்நாட்டில் ஹேடம் என்னும் ஊரின் மருத்துவமனையில் முதலில் ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையின்முன் தாதிகள் நன்றாகவே செய்து காட்டினார்கள். பிரசவ அறையில் மட்டும் மாறுதல் இல்லை. பின்னர் அப்பொம்மையைப் பிரசவ அறைக்கு அருகிலேயே வைத்து, அடிக்கடி சில நிமிஷங்கள் பழகும்படி செய்தார்கள். அதன் பிறகே சிசு மரணம் குறைந்தது. நம்மவர்களோ ஒரு நாள் விழாவில் வல்லவர்கள். நாடாவை வெட்டி, மாலை போட்டு, படம் பிடித்துக் கொண்டு, மறுநாள் அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டி விடுவோம். பூட்டிய அறையில் தூசி படியும் லட்சம் வெள்ளிப் பொம்மையைவிட, தாதியின் கை தினமும் படும் துணிப் பொம்மை மேலானது.

செயற்கை அறிவு என்னும் புதுத் தெய்வத்தின் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். இனிப்பு நீர் நோயால் கண்ணின் உள்திரை கெடுவதைப் படம் பார்த்துச் சொல்லும் கணினி முறை ஒன்றை அமெரிக்காவின் கூகிள் கம்பெனி செய்தது. 2016-இல் அதன் ஆய்வு வெளியாயிற்று. அக்கணினி பாடம் கற்ற படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சென்னைச் சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனவை உண்டு. தமிழ்நாட்டு ஏழையின் கண் இங்கேயும் பாடப் புத்தகம் ஆயிற்று. ஆயினும் இம்முறை எவருக்கும் ஊறு நேரவில்லை. பிறகு அம்முறையை, கெடாவின் எல்லைக்கு அப்பாலுள்ள தாய்லாந்தின் கிராம வைத்தியசாலைகளுக்குக் கொண்டு போனார்கள். நடந்தது என்ன? அறையில் இருட்டுப் போதாமை முதலிய காரணங்களால், எடுத்த படங்களில் 21 விழுக்காட்டைக் கணினி தகுதியற்றவை என்று தள்ளி விட்டது. 2020-இல் வெளிவந்த செய்தி இது. படம் எடுக்கும் தாதிக்குப் பயிற்சியும், படம் எடுக்கத் தக்க அறையும் இல்லாவிட்டால், உலகத்திலேயே கெட்டிக்காரக் கணினியும் குருடுதான்.

யந்திரம் நிறம் பார்க்கும் என்பதையும் நம் மக்கள் அறிய வேண்டும். விரல் நுனியில் மாட்டி, இரத்தத்திலுள்ள பிராணவாயுவைக் காட்டும் சிறு கருவியை எல்லாரும் கண்டிருப்பார்கள். தோலின் ஊடே ஒளியைச் செலுத்தி அது கணக்கிடுகிறது. 2020-இல் அமெரிக்காவின் மிச்சிகன் வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன்படி, இரத்தத்தில் பிராணவாயு உண்மையில் குறைந்திருந்தும் கருவி "குறையில்லை" என்று காட்டிய பிழை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடம் ஏறத்தாழ 3 மடங்கு இருந்தது. அதே ஆண்டில் லண்டன் மருத்துவ மாணவரான மலோன் முக்வெண்டே, பாடப் புத்தகங்களின் தோல் நோய்ப் படங்கள் வெள்ளைத் தோலையே காட்டுவதைக் கண்டு, கருந்தோலில் நோய்க்குறி எப்படித் தோன்றும் என்று விளக்கும் கைந்நூல் ஒன்றைத் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து வெளியிட்டார். "சிவந்து காணும்" என்று புத்தகம் சொல்லும் குறி, நம் தோலில் சிவந்தா காணும்? "சிவப்பான பெண் தேவை" என்று கலியாண விளம்பரம் செய்யும் நம் கூட்டத்திற்கு இதைக் கேட்டாவது சுரணை வரட்டும். பொம்மை வாங்கும்போது கறுத்த பொம்மையும் வேண்டும் என்று கேட்பது விளையாட்டுப் பேச்சு அன்று, உயிர்ப் பேச்சு.

அடுத்தது மொழி. நோய் தாய்மொழியில்தான் முனகும். "நெஞ்சு கரிக்கிறது" என்பது வேறு. "நெஞ்சை அடைக்கிறது" என்பது வேறு. முன்னது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. பின்னது மாரடைப்பாக இருக்கலாம். "தலை கிறுகிறுக்கிறது", "உடம்பு காந்துகிறது", "கால் மரத்துப் போகிறது" என்று ஒரு தோட்டத்துப் பாட்டி சொல்லும்போது, கேட்பவனுக்குப் பொருள் விளங்காவிட்டால் விலையுயர்ந்த யந்திரத்தால் என்ன பயன்? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டு வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் காணப்பட்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! இவ்வளவு நோயைச் சுமக்கும் ஜனங்களின் பேச்சு, பயிற்சிக் கூடத்தில் ஒலிக்காமல் இருப்பது நியாயமா? இன்றைய பொம்மைக்கும் கணினி நோயாளிக்கும் எந்த மொழியில் வேண்டுமாயினும் குரல் கொடுக்கலாம். மலாயும் ஆங்கிலமும் பேசட்டும்; தமிழும் பேசட்டும். சீன மாணவனும் மலாய் மாணவனும் "நெஞ்சை அடைக்கிறது" என்ற சொல்லைப் பொம்மையின் வாயால் கேட்டுப் பழகட்டும்.

"தமிழில் வைத்தியமா?" என்று நகைக்கும் பட்டதாரிகளுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுகிறோம். 1847-இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஷ் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், அப்படிக் கற்றவர்கள் கிராமத்தை விட்டு உத்தியோகம் தேடிப் போவதைக் கண்டு தமிழுக்கு மாறினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், இரசாயனம் என்று நூல்களை வரிசையாகத் தமிழாக்கினார். 1858-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கிரே என்பவரின் உடற்கூற்று நூல், 1872-இல் "மனுஷ அங்காதிபாதம்" என்று தமிழில் வந்து விட்டது. அச்சு யந்திரமே அன்றைய உயர்ந்த சாதனம். அந்நிய நாட்டான் ஒருவன் அதைத் தமிழ் பேச வைத்தான். தமிழன் இன்று தன் கையிலுள்ள சாதனத்தைத் தமிழ் பேச வைக்க வெட்கப்படுகிறான்.

இந்தச் சாதனங்களை யார் கையில் கொடுப்பது என்பது கடைசிக் கேள்வி. நம் சமூகத்திற்கு இதுவே தலையான கேள்வி. நம்மவர்களுக்கு வைத்தியக் கல்வி என்றால் டாக்டர் பட்டம் ஒன்றுதான். டாக்டர் மாப்பிள்ளைக்குச் சீர்வரிசை எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். தாதி வேலைக்குப் பெண்ணை அனுப்புவதற்கு முகம் சுளிப்பார்கள். இது வருணாசிரமத்தின் புது வேஷம். மலம் துடைக்கும் கை தாழ்ந்தது, மருந்துச் சீட்டு எழுதும் கை உயர்ந்தது என்னும் பழைய நஞ்சு. உண்மையில் நள்ளிரவில் மூச்சுத் திணறும் நோயாளியின் அருகில் முதலில் நிற்பவள் தாதி. முதல் சில நிமிஷம் அவள் கையில். அந்தக் கைக்குத்தான் பயிற்சி முதலில் சேர வேண்டும்.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி இதைச் செய்து காட்டினார். முடக்குவாதத்தால் விரல்கள் திருகிப் போன அவர், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டு ஆண்டு பயிற்றுவித்து, கண் பரிசோதனையிலும் அறுவைக் கூடத்திலும் பெரும்பகுதி வேலையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஒரு டாக்டர் ஒரு நாளில் அத்தனை பேருக்கு அறுவை செய்ய முடிவது அப்பெண்களின் கைத்திறத்தினால். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாகாணத்தில் சஞ்சீவ் அரோரா என்ற வைத்தியர் 2003-இல் வேறொரு வழி கண்டார். தூரத்துச் சிற்றூர் வைத்தியர்களை வாரந்தோறும் ஒளித்திரை வழியாக ஒன்றுகூட்டி, அவரவர் நோயாளிகளைப் பற்றிப் பேச வைத்து, ஈரல் நோய்ச் சிகிச்சையைக் கற்பித்தார். பல்கலைக்கழக வைத்தியசாலையில் கண்ட குணமே சிற்றூரிலும் கண்டது என்று 2011-இல் நிரூபித்தார். நோயாளியைப் பட்டணத்திற்கு அலைய விடாமல், பட்டணத்து அறிவைச் சிற்றூருக்கு அனுப்பினார்.

ஆகவே கெடாத் தமிழர்கள் கேட்க வேண்டுவன இவை. ஒன்று, பொம்மையில் தேறாத எவனும் ஏழையின் உடம்பில் முதல் ஊசி போடலாகாது. இரண்டு, பயிற்சிப் பொம்மைகளில் கறுத்தவையும் இருக்க வேண்டும். அவை தமிழும் பேச வேண்டும். மூன்று, கல்லூரிகளின் பயிற்சிக் கூடங்கள் மாலையிலும் விடுமுறையிலும் தாதிகளுக்கும், மருத்துவ உதவியாளர்களுக்கும், எஞ்சியுள்ள தோட்டங்களின் ஆயாக்களுக்கும் திறந்திருக்க வேண்டும். சமூகத்தின் பெயரால் எழுந்த கல்லூரிக்கு இக்கடமை இரட்டிப்பு. நான்கு, பயிற்சி ஒரு நாள் விழாவாக இராமல் வாரந்தோறும் நடக்க வேண்டும். நமக்கும் ஒரு கடமை உண்டு. கோயில் மண்டபமும் பள்ளிக் கூடமும் சங்கக் கட்டடமும் மாலையில் சும்மா கிடக்கின்றன. நின்ற நெஞ்சை அமுக்கி மீட்கும் வித்தையை ஒரு பொம்மையைக் கொண்டு அங்கே எல்லாருக்கும் கற்பிக்கலாம். அதற்குப் பட்டம் வேண்டாம்.

இது ஆகிற காரியமா என்று சோம்பிப் பேசுவோர் 1947-ஐ நினைக்கட்டும். இதே கெடாவில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. பால்மரம் வெட்டிய கைகள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றன. எழுத்து வாசனை அதிகம் இல்லாத அவர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே காத்துக்கொள்ளத் துணிந்தார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பும் கையில் கணினியும் இருக்கின்றன. தேங்காய் உடைப்பதை நிறுத்தி, பயிற்சிக் கூடத்தின் கதவைத் தட்டுவோம். இனி நம் உடல் எவருக்கும் பாடப் புத்தகமாகக் கிடக்க வேண்டாம். நம் பிள்ளைகள் அங்கே மாணவராகவும் ஆசிரியராகவும் நிற்கட்டும்.